குமணவில் இராத்தங்கல்: கூடாரத்துக்கு இடம் பார்ப்பது எப்படி?

தம்பிலுவில், திருக்கோவில் பக்கத்திலிருந்து குமண தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களுக்குப் பாதையில் சிரமமில்லை. ஏ4 வீதி ஊருக்குள்ளாலேயே போகிறது. கோமாரியைத் தாண்டி, பொத்துவில் சந்தியில் சாமான் வாங்கிக்கொண்டு அறுகம்பைப் பாலத்தைக் கடந்தால், அங்கிருந்து பாணமை சுமார் 12 கிலோமீற்றர், உகந்தை சுமார் 30 கிலோமீற்றர். காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் புறப்பட்டாலும் மத்தியானத்துக்கு முன் பூங்கா வாசலில் நிற்கலாம். தலையிடி அதற்குப் பிறகுதான்: இரவு எங்கே படுப்பது?

பூங்காவுக்குள் குமுக்கன் ஆற்றங்கரையில் படுக்கலாம். வாசலுக்கு வெளியே உகந்தையில் தங்கலாம். பாணமையில் ஊருக்குள் இடம் கேட்கலாம். உல்லையில், அதாவது அறுகம்பையில், படுத்து விடியற்காலையில் புறப்படலாம். நான்கும் நான்கு விதமான இரவுகள். கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் வருகிற குடும்பங்களில் பெரும்பாலானவை இதைத் தீர்மானிப்பது கைபேசியில் பார்த்த ஒரு படத்தை வைத்துத்தான். கூடாரத்து வாசலுக்கு நேரே கடல், பின்னால் நாலைந்து மரம், மேலே நிலா. அந்தப் படத்தில் தெரியாத மூன்று விஷயங்கள்தான் இரவைத் தீர்மானிக்கின்றன: தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, நிலம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இருட்டிய பிறகு அந்த இடத்தால் யார் போய் வருகிறார்கள். காட்சியை நான்காவதாகப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் நிலத்தைத் தெரிந்துகொள்வோம். இன்றைய குமண, நெடுங்காலம் யால கிழக்கு என்று அழைக்கப்பட்ட பூங்கா. 2006 செப்டெம்பரில்தான் பெயர் மாறியது. பரப்பு 35,664 ஹெக்டயர். யுத்தம் காரணமாக 1985இல் மூடப்பட்ட வாசல் 2003 மார்ச்சில்தான் மீண்டும் திறந்தது. ஒரு தலைமுறை முழுவதும் அந்தப் பக்கம் போகவில்லை. தாத்தாமாருக்குத் தெரிந்த மடுவும் துறையும் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். திறந்து இரண்டு வருடம் ஆவதற்குள் கடற்கோள் வந்தது. தெற்கு எல்லையில் குமுக்கன் ஆறு, அதாவது கும்புக்கன் ஓயா, ஓடுகிறது. அதற்கு அப்பால் யால. ஆற்றிலிருந்து ஒரு ஒடுங்கிய வாய்க்கால் வழியே தண்ணீர் ஏறி நிரம்புவதுதான் குமண வில்லு. சுமார் 200 ஹெக்டயர் சதுப்பு அது. பறவை பார்க்கிறவர்கள் கொழும்பிலிருந்து வருவது இந்த வில்லுக்காகத்தான். குமண ஈரநிலத் தொகுதி 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

வில்லு, களப்பு, ஆறு, கடல் என்று எங்கு திரும்பினாலும் நீர்தான். ஆனால் கோடையில் அதில் குடிக்கக்கூடியது மிகக் கொஞ்சம். கடலோரக் களப்புகள் உவர். வில்லு சேறு. இடம் பார்க்கிற வேலை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நடந்து போனவர்களின் கணக்கு

இந்தக் காட்டில் இராத்தங்க இடம் பார்க்கும் வித்தையைக் கரைகண்டவர்கள் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள். வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து கிளம்புகிற கூட்டம் திருகோணமலை, மட்டக்களப்பு வழியாக நடந்து, திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமியையும் தம்பிலுவில் கண்ணகி அம்மனையும் கும்பிட்டுவிட்டு உகந்தைக்குப் போகும். கதிர்காமத் திருவிழாவை ஒட்டி, வழக்கமாக இரண்டு வாரமளவு, காட்டுப்பாதை திறக்கப்படும். உகந்தையிலிருந்து கதிர்காமம் வரை ஐந்தாறு நாள் நடை.

அவர்கள் தங்கும் இடங்களின் பெயர்களைக் கேட்டாலே கணக்குப் புரியும்: வாகூர வெட்டை, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம். ஏறக்குறைய எல்லாமே தண்ணீரைப் பார்த்தோ நிழலைப் பார்த்தோ நின்ற இடங்கள். ஒரு தங்கலுக்கும் அடுத்ததற்கும் இடையிலான தூரம், குழந்தையையும் கிழவியையும் கூட்டிக்கொண்டு வெயில் ஏறுமுன் நடக்கக்கூடிய தூரம். கடலோரமாக நடந்தாலும் இரவுக்குக் கடற்கரையில் கூட்டம் படுப்பதில்லை. குமுக்கன் ஆற்றில் மணலைத் தோண்டி ஊற்று எடுத்துக் குடிப்பார்கள். ஓடுகிற தண்ணீர் குளிக்க, ஊற்றுத் தண்ணீர் குடிக்க. மணல் வடித்துக் கொடுத்தாலும் இன்றைக்கு அதைக் கொதிக்கவைத்துக் குடிப்பதே நல்லது. ஆற்றின் மேற்பக்கம் ஆயிரக்கணக்கானவர்கள் குளிக்கிற காலத்தில் அது கட்டாயம்.

இதில் சுற்றுலாக்காரருக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. காட்டுப்பாதை திறந்திருக்கும் அந்த இரண்டு வாரத்தில் பூங்காவுக்குள் அமைதியான கூடாரம் என்ற எண்ணத்தைக் கைவிடுவது நல்லது. உகந்தையே ஒரு பட்டினமாகியிருக்கும். ஆற்றங்கரையில் அரோகரா சத்தம் ஓயாது. யாத்திரையோடு சேர்ந்து நடக்க விரும்புகிறவருக்கு அதைவிட நல்ல காலமில்லை. பறவையும் யானையும் பார்க்க வருகிறவர் அதற்கு முன்போ பின்போ திகதி பார்க்க வேண்டும். எல்லோரையும் திருப்திப்படுத்தும் திகதி கிடையாது.

ஆற்றங்கரை

பூங்காவுக்குள் கூடாரம் போட வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் சில இடங்களை ஒதுக்கியிருக்கிறது. கல் அமுன, மட கும்புக், எட கும்புக் என்பவை அடிக்கடி காதில் விழும் பெயர்கள். கூடாரம் வேண்டாதவர்களுக்கு உகந்தையிலும் தும்முல்லவிலும் திணைக்களத்தின் பங்களாக்கள் இருக்கின்றன. ஒதுக்கிய இடத்தைத் தவிர வேறெங்கும் இறங்கிப் படுக்க முடியாது. வாகனத்தை விட்டு இறங்குவதே கண்ட இடத்தில் கூடாது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இங்கே உயிரோடு இருக்கிறது.

ஆற்றங்கரை இடங்களின் பெருமை மருத மரங்கள்தான். நண்பகலில் வெட்டை வெளி கொதிக்கும்போது மருத நிழலில் உட்கார்ந்து சோறு சாப்பிடலாம். ஆற்றின் சத்தம் கேட்கும். வில்லு பக்கத்தில் இருப்பதால் விடிந்தவுடன் பறவை பார்க்கப் போகலாம். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை கூடு கட்டும் காலத்தில் சங்குவளை நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாம் வில்லுக் கண்ணாவில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். உல்லையிலிருந்து வருகிற ஜீப் வில்லை எட்டும்போது வெயில் ஏறிவிடும். உள்ளே படுத்தவருக்கு அந்த முதல் ஒரு மணித்தியாலம் சொந்தம். காசுக்கும் அலைச்சலுக்கும் கிடைக்கிற உண்மையான பலன் அதுதான்.

ஆனால் ஒதுக்கப்பட்ட இடத்துக்குள்ளும் கூடாரத்தை எங்கே நிறுத்துவது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. போய்ச் சேர்ந்ததும் சாமானை இறக்காமல் ஒருதரம் சுற்றி நடக்க வேண்டும். அகலமாகச் சரிந்து ஆற்றில் இறங்குகிற தடம் யானை தண்ணீருக்குப் போகிற பாதை. பக்கத்து மரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் சேறு தேய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். லத்தி ஈரமா, காய்ந்ததா என்று பாருங்கள். அந்தத் தடத்தை மறிக்காமல், அதிலிருந்து பக்கவாட்டில் தள்ளி நிற்க வேண்டும். யானைக்கு வழி இருந்தால் அது அதன் வழியே போய்விடும். தலைக்கு மேலேயும் பார்வை போகட்டும். முதிர்ந்த மருதில் காய்ந்த கிளை தொங்கினால் அதன் கீழே பிள்ளைகளைப் படுக்கவைக்கக்கூடாது.

பாலை மரம் இன்னொரு கணக்கு. மே முதல் ஜூலை வரை பாலைப்பழக் காலம். வீதியோரத்தில் விற்கிற அதே பழத்தைத் தேடிக் கரடி மரமேறும். கரடி கூர்மையான காதுள்ள மிருகமல்ல. தின்பதில் மூழ்கியிருக்கும்போது பக்கத்தில் ஆள் வந்ததே அதற்குத் தெரியாது. தெரிந்ததும் பயத்தில் பாயும். சிறுத்தையைப் பற்றிப் பயப்படுகிற சனம் கரடியைப் பற்றி யோசிப்பதில்லை. காட்டில் பழகியவர்களின் பயம் நேர்மாறானது. பழம் உதிர்ந்து கிடக்கிற பாலையின் அருகே கூடாரம் வேண்டாம்.

முதலைக்கு எத்தனை எட்டு?

குமண வில்லிலும் குளங்களிலும் சதுப்பு முதலை உண்டு. முகத்துவாரப் பக்கம் உவர்நீர் முதலையும் உண்டு. இது வெறும் பயமுறுத்தலல்ல. 2017 செப்டெம்பரில், 'எலிபன்ட் றொக்' என்று அலைச்சறுக்குக்காரர் சொல்கிற பாறைக்கு அருகே களப்போரம் போன பிரித்தானியப் பத்திரிகையாளர் ஒருவர் முதலையால் இறந்தார். அது அறுகம்பையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற, தினமும் நூற்றுக்கணக்கானோர் போய்வருகிற கரை. பூங்காவுக்குள்ளும் அல்ல.

உவர்நீர் முதலையோடு அதிகம் பழகிய நாடு அவுஸ்திரேலியா. குயின்ஸ்லாந்து அரசு தன் மக்களுக்குச் சொல்வது: நீர்க்கரையிலிருந்து குறைந்தது 50 மீற்றர் தள்ளிக் கூடாரம் போடுங்கள், உயர்நீர் மட்டத்துக்கு மேலேயும் இருக்கட்டும். 50 மீற்றர் என்பது பெரியவர் நடையில் ஏறக்குறைய எழுபது எட்டு. குமுக்கன் கரையில் எழுபது எட்டு வைத்து அளந்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். படத்துக்காக நிறுத்த நினைத்த இடம் இருபதுக்குள்தான் இருக்கும். இடம் அவ்வளவு அகலமில்லாவிட்டால் கரையின் உயரத்தைப் பாருங்கள். செங்குத்தாக நிற்கிற உயர்ந்த கரை, தாழ்வாகச் சரிந்த மணற்கரையைவிடப் பத்திரம்.

அதே அறிவுறுத்தலில் இன்னொரு விஷயம் கவனிக்கத்தக்கது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பத் தண்ணீர் எடுக்கக்கூடாது. முதலை பார்த்துப் பழகிக்கொள்ளும். காலையில் ஒரு துறை, மாலையில் இன்னொரு துறை. வாளியில் கயிறு கட்டி, கரையில் நின்றபடியே எடுப்பது எல்லாவற்றிலும் மேல். மீனைச் செதில் எடுத்துக் குடலைத் தண்ணீருக்குள் போடுகிற பழக்கம் வீட்டுக் கிணற்றடியோடு இருக்கட்டும்.

வுழூ எடுக்க ஆற்றில் இறங்குவது முஸ்லிம் குடும்பங்களில் சாதாரணம். விடியுமுன் சுபஹுக்கும் பொழுதுபட்டதும் மஃரிபுக்கும் என்றால், முதலைக்கும் யானைக்கும் மிகவும் பிடித்த இரண்டு நேரங்கள் அவை. வெளிச்சம் இருக்கும்போதே வாளிகளில் நிரப்பிக் கூடாரத்தடியில் வைத்துக்கொள்வது நல்லது. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லீற்றராவது வேண்டும். ஆறு பேர் இரண்டு நாள் தங்கினால் அறுபது லீற்றர், அதற்கு மேல் ஒரு கேன் கையிருப்பு. இதை ஊரிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ ஏற்றிவிட வேண்டும். உள்ளே கடை கிடையாது.

ஆறு இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். 116 கிலோமீற்றர் நீளமான இந்த ஆறு மொனராகலைப் பக்கத்து மலைகளிலிருந்து வருகிறது. குமணவில் வானம் வெளித்திருக்கும். மலையில் பின்னேரம் இடிமழை பெய்திருக்கும். இரவில் தண்ணீர் ஏறும். ஒக்டோபரிலும் ஏப்ரலிலும் பின்னேர இடிமழை வழக்கம் என்பதால் அந்த மாதங்களில் ஆற்றின் மணல்திட்டில் ஒருபோதும் படுக்கக்கூடாது. கரையோர மரத்தில் வைக்கோலும் சுள்ளியும் சிக்கிக் கிடக்கிற உயரத்தைப் பாருங்கள். போன வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. கூடாரம் அதற்கு மேலே நிற்கட்டும்.

கடலோரம்

இனி அந்தப் படத்துக்கு வருவோம்.

பாணமைக்குத் தெற்கே கடற்கரை அழகானது என்பதில் விவாதமில்லை. உயரமான மணல்மேடுகள், ஆளில்லாத கரை. வருடத்தில் சில மாதங்கள் அங்கே ஆமை ஏறி முட்டையிடும். கூடாரத்து வெளிச்சம் ஆமையைத் திருப்பி அனுப்பிவிடும், குஞ்சுகளைத் திசைமாற்றிவிடும். கடலாமைகள் எல்லாமே சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. அது ஒரு காரணம். மற்றக் காரணத்தை அம்பாறைக் கரையில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2004 டிசெம்பர் 26இல் இலங்கையிலேயே அதிக உயிர்களை, பத்தாயிரத்துக்கும் மேல், இழந்தது இந்த மாவட்டம்.

அதிலிருந்து இடம் பார்க்கிறவர்களுக்கு உதவுகிற பாடம் ஒன்று யாலவில் பதிவாகியிருக்கிறது. கடற்கோளுக்குப் பிறகு கரையை அளந்த ஆய்வுக் குழு, மணல்மேடு அப்படியே இருந்த இடங்களில் தண்ணீர் அதிகம் உள்ளே போகவில்லை என்று கண்டது. விருந்தினருக்குக் கடல் தெரிய வேண்டும் என்று முன்னால் இருந்த மேட்டை வெட்டிக் குறைத்திருந்த ஒரு விடுதி முற்றாக அழிந்தது. கடற்கோள் அடிக்கடி வருவதல்ல. ஆனால் பேரலையும் புயலும் வருடா வருடம் வருகின்றன, அவற்றுக்கும் கணக்கு இதுவே. மேட்டின் மேல் அல்ல, முன்னால் அல்ல, அதன் பின்புறத்தில் படுக்க வேண்டும். கடல் தெரியாது. காலையில் ஐம்பது எட்டு நடந்தால் தெரியும்.

மீனவர்கள் வாடி போடுவதைப் பார்த்தாலும் இதுவே தெரிகிறது. வள்ளத்தை இழுத்துக் கரையில் போடுவார்கள். வாடி அதற்குப் பின்னால், சற்று மேட்டில், காற்றுக்கு முதுகைக் கொடுத்தபடி நிற்கும். வாடிக்குப் பக்கத்தில் கூடாரம் போடலாமா? கேட்டுவிட்டுப் போடலாம். விடியுமுன் வள்ளம் இறங்கும், சத்தம் இருக்கும், கருவாட்டு மணம் இருக்கும். பதிலுக்கு மனித நடமாட்டமும் நல்ல மீனும் கிடைக்கும். மோசமான பேரம் அல்ல.

மணலில் கூடாரத்து முளை நிற்காது. வெறும் உரப்பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்தால் கச்சான் காற்று அசைக்காது. மே தொடங்கி ஓகஸ்ட் கழியும்வரை அந்தக் காற்று தரைப் பக்கமிருந்து வரண்டு அடிக்கும். கூடாரத்து வாசல் கடல் பக்கம் இருந்தால் காற்றுப் பின்னாலிருந்து வரும். தற்செயலாக, காட்சிக்கும் காற்றுக்கும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இது. அடுப்பைக் கூடாரத்துக்குக் கீழ்க்காற்றில் வையுங்கள். காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும்.

உகந்தை, பாணமை, உல்லை

முதல்தடவை போகிற குடும்பத்துக்கு, சிறுபிள்ளைகள் இருந்தால், பூங்காவுக்குள் போய்ப் படுப்பதைவிட உகந்தை நல்லது. மலையடியில் முருகன் கோயில் இருக்கிறது. மடம் இருக்கிறது. கிணறும் மலைச் சுனையும் இருக்கின்றன. விடியற்காலையில் பூங்கா வாசல் நடை தூரத்தில். திருவிழாக் காலம் தவிர மற்ற நாட்களில் சனம் குறைவு. கோயில் பொறுப்பாளர்களிடம் சொல்லிவிட்டு அவர்கள் காட்டுகிற இடத்தில் தங்குவதுதான் முறை. தன் இஷ்டத்துக்குக் கடற்பக்கம் கூடாரம் அடிப்பதல்ல. யானையும் பன்றியும் கோயில் வளவுக்குள்ளேயே வரும், அதனால் இருட்டிய பிறகு டோர்ச் இல்லாமல் நடமாடக்கூடாது.

ஆனால் அங்கே மச்சம் சமைப்பதில்லை. கல்முனையிலிருந்தோ சாய்ந்தமருதிலிருந்தோ வருகிற கூட்டம், வழியில் வாங்கிய பாரைக்குட்டியைச் சுட்டுத் தின்கிற திட்டத்தோடு வந்தால், கோயில் சூழலை விட்டுப் பாணமைப் பக்கம் இடம் பார்ப்பது இரு தரப்புக்கும் மரியாதை. தமிழ்க் குடும்பங்களுக்கும் அதே சொல்தான். கலந்து போகிற நண்பர் குழுக்கள் இதைப் பொத்துவிலிலேயே பேசி முடித்துவிட வேண்டும், உகந்தையில் அடுப்பு மூட்டிய பிறகல்ல.

பாணமை சிங்களமும் தமிழும் உறவாகக் கலந்த பழைய ஊர். அங்கே பத்தினி தெய்வத்துக்கு அங்கெலிய விழா எடுக்கிறார்கள். தம்பிலுவிலில் வைகாசியில் கண்ணகிக்குச் சடங்கு நடக்கிறது. இரண்டும் ஒரே அம்மனுக்குத்தான் என்று இரு ஊராருக்கும் தெரியும். தங்குவதற்கு இந்த ஊரின் வசதி என்னவென்றால், கேட்டுத் தங்க முடியும். வீட்டு வளவிலோ தோட்டத்திலோ காணிக்காரரின் சம்மதத்தோடு கூடாரம் போடலாம். கிணற்றுத் தண்ணீர் கிடைக்கும். வயல் காவலுக்குப் பறண் கட்டியிருப்பவர்களிடம் கேட்டால் ஆனை எந்தப் பக்கம் நிற்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். பாணமைக்கும் உகந்தைக்கும் இடையில் வீதியோரத்தில் கிடக்கிற வெற்று நிலமெல்லாம் யாரும் படுக்கலாம் என்று நினைப்பது தவறு. அதில் பெரும்பகுதி சரணாலயம். குடும்பிகல ஆரண்ய விகாரை தியானத்துக்கான இடம். பகலில் பார்க்கலாம், படுக்கக் கேட்கக்கூடாது.

அறுகம்பையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை அலைச்சறுக்குக்காரர் நிறைந்திருக்கும். விடுதித் தோட்டங்களிலும், தெற்கே 'பீனட் ஃபாம்' கரைப் பக்கமும் கூடாரத்துக்கு இடம் கொடுக்கிறவர்கள் உண்டு. குளியலறை, கடை, வைத்தியசாலை எல்லாம் கிட்ட. சத்தமும் கிட்ட. பூங்காவைப் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் இங்கே படுத்து, அதிகாலை நாலரைக்கு ஜீப்பில் ஏறி, ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது போய் நிற்கலாம். வயதான பெற்றோரைக் கூட்டிப்போகிறவர்கள் இதையே செய்யட்டும். கூடாரம் எல்லா முழங்காலுக்கும் ஏற்றதல்ல.

லகுகலவைச் சிலர் கேட்பார்கள். பொத்துவிலிலிருந்து சியம்பலாண்டுவப் பக்கம் போகிற வழியில் இருக்கிற 1,554 ஹெக்டயர் சின்னப் பூங்கா. கோடையில் குளத்துப் புல்லுக்கு யானை கூட்டமாக வரும். பகலில் பார்த்துவிட்டுத் திரும்பும் இடமாக அது அருமை. அந்தச் சுற்றுவட்டாரமே கல் ஓயாவுக்கும் யாலவுக்கும் இடையில் யானைகள் நடமாடுகிற பாதை என்பதால், வீதியோரமாக இரவில் கூடாரம் போட நினைப்பதே பிழை.

யாரைக் கேட்பது, எதை மறைப்பது

இடத்தைப் பற்றிய கடைசித் தகவல் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அது பொத்துவில் ஜீப்காரரிடம் இருக்கும். "காக்கா, ஆத்துல தண்ணி எப்படி? ஆனை எந்தப் பக்கம் நிக்குது?" என்று கேட்டால், "தம்பி, நேத்து வில்லுப் பக்கம் ஒரு தனியன் நிண்டது, அந்தக் கரைக்குப் போகாதீங்க" என்கிற மாதிரிப் பதில் கிடைக்கும். அந்தப் பதிலுக்காகவாவது ஊர் ஜீப்பைப் பிடிக்கலாம். மணலிலும் சேற்றிலும் நாலு சில்லும் இழுக்கிற வாகனம் இல்லாமல் உள்ளே அலைவது வீண்வேலை என்பதும் உண்மை. பூங்காவுக்குள் தங்குகிறவர்களோடு திணைக்களத்தின் வழிகாட்டி வருவார். கூடாரம் எங்கே என்று அவர் கையைக் காட்டினால் அதற்கு மேல் விவாதம் வேண்டாம்.

நல்ல இடத்தில் போட்ட கூடாரத்தைக் கெட்ட இடமாக்குவது சாப்பாடு. அம்பாறையில் வயலோரம் குடியிருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை: நெல் மூட்டைக்கும் உப்புக்குமாகக் குசினிச் சுவரை இடிக்கிற யானைக்குக் கூடாரத்துத் துணி ஒரு பொருட்டல்ல. வாழைக்குலை, மாம்பழம், அரிசி, உப்பு, கருவாடு எல்லாம் வாகனத்துக்குள், கண்ணாடி மூடியபடி இருக்கட்டும். அமெரிக்காவில் கலிபோர்னியாக் கரையிலுள்ள பொயின்ட் ரேஸ் பூங்காவில் ஒவ்வொரு கூடாரத் தளத்திலும் சாப்பாட்டைப் பூட்டிவைக்க இரும்புப் பெட்டியே வைத்திருக்கிறார்கள். அங்கே தொல்லை கொடுப்பது சின்ன ரக்கூன். இங்கே பகலில் குரங்கும் இரவில் பன்றியும் யானையும். மூவருக்கும் ஜீப்தான் பெட்டி. எச்சிலைக் கூடாரத்தடியில் புதைத்தால் பன்றி தோண்டும். பொலித்தீனைக் கட்டி எடுத்துவந்து பொத்துவிலில் போடுவதுதான் ஒரே வழி.

திகதியைப் பொறுத்தவரை, ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை தரை காய்ந்திருக்கும், பாதை ஓடும், மிருகங்கள் மிச்சமிருக்கிற தண்ணீரைச் சுற்றி நிற்கும். உண்ணித் தொல்லையும் அப்போதுதான். மாடும் மானும் நடக்கிற புற்பாதையில் பாய் விரிக்காதீர்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வாடை மழை. அந்த மாதங்களில் உள்ளே கூடாரம் போடுவது அனுபவசாலிகளுக்கும் கஷ்டம்.

பூங்காவுக்குள் இடம் வேண்டுமானால் பத்தரமுல்லையில் உள்ள திணைக்களத் தலைமையகத்திலோ இணையத்திலோ முன்கூட்டியே பதிய வேண்டும். உகந்தை வாசலில் போய்க் கேட்டால் கிடைக்காது. நுழைவுக் கட்டணம், வாகனக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி எல்லாம் தனித்தனி. உள்நாட்டவர் கட்டணத்துக்குத் தேசிய அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். பெருநாள், புதுவருடம், பாடசாலை விடுமுறை வாரங்களில் இடம் சீக்கிரம் முடிந்துவிடும். வாசல் மாலை ஆறு மணிக்கு மூடும், உள்ளே இரவில் வாகனம் ஓட்ட முடியாது. ஆகவே மூன்று மணிக்காவது தளத்தில் இருந்தால்தான் சுற்றிப் பார்க்கவும், எட்டு அளக்கவும், தண்ணீர் நிரப்பவும் வெளிச்சம் மிஞ்சும்.

புறப்படுமுன் ஒருதரம் ஊரிலேயே ஒத்திகை பார்ப்பது பயனுள்ளது. திருக்கோவில், தம்பிலுவில் கரையில், அயலவரிடம் சொல்லிவிட்டு, மணல்மேட்டுக்குப் பின்னால் ஒரு இரவு. கயிறு போதுமா, பிள்ளைகள் துணிக்குள் தூங்குவார்களா, தண்ணீர் எவ்வளவு செலவாகிறது என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். சரிவராவிட்டால் வீடு பக்கத்தில். குமணவுக்குள் கைபேசி எல்லா இடத்திலும் எடுக்காது. பாம்பு கடித்தால் அண்மையில் உள்ளது பொத்துவில் ஆதார வைத்தியசாலை. இலவச அம்புலன்சுக்கு 1990. ஆனால் அது பூங்கா வாசல்வரை வந்து நிற்க, நோயாளியை வாசலுக்குக் கொண்டுவர வேண்டியது உங்கள் ஜீப்தான். ஆகவே ஜீப்பை இறக்கிவிட்டுத் திருப்பி அனுப்பாமல், சாரதியையும் சேர்த்துச் சாப்பாட்டுக் கணக்குப் போட்டு, இரவு முழுவதும் கூடாரத்தோடேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.